எட்டேகால் அங்குலம்

முதலில் எங்களிடம் இருந்தது மீன் வடிவப் பலகை.
கார்மேகத்தின் சித்தப்பா துபாயில் அறையைக் காலி செய்தபோது
செருப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது.
உருட்டினால் சுகம்.
வைகை வடகரைச் சாலையில்
மூன்று மிதிக்கு ஒரு பாலம் கடக்கும்.
எழும்பச் சொன்னால் மட்டும்
காது கேட்காது.

பின்சக்கரத்தைத் தாண்டினால் மூன்று விரல் மரம்,
அதுவும் தட்டை.
கிட்டிப்புள் ஆடியவர்களுக்குத் தெரியும்:
முனை சீவாத புள்ளை எத்தனை தட்டினாலும்
புழுதிதான் எழும்.

ஆளுக்கு ஆயிரத்து நானூறு போட்டோம்.
என்னுடையது மாட்டுத்தாவணியில்
வெங்காய மண்டிக்குச் சிட்டை எழுதிய காசு.
ஜெஸிந்தாவுடையது டயாலிசிஸ் வார்டில் கண்விழித்தது.
கார்மேகம் எங்கே புரட்டினான் என்று
இன்னும் சொல்லவில்லை.

பார்சலைப் பிரித்தோம்.
ஏழு அடுக்கு மேப்பிள்,
அகலம் எட்டேகால் அங்குலம்.
தமிழ் எண்ணில் எட்டுக்கு அ, காலுக்கு வ.
"அவ வந்துட்டா,
லட்சணத்தை அப்புறம் பாத்துக்குவோம்"
என்றாள் ஜெஸிந்தா.

இரண்டு முனையும் மேல்நோக்கி மடங்கியிருந்தன.
நடுவில் ஒரு பள்ளம்;
ரசம் வாங்கிக் குடிக்கக் கையைக் குவிப்போமே,
அவ்வளவுதான்.
ஆனால் நின்றதும்
ஓரம் எங்கே என்று குதிகாலுக்குத் தெரிந்துவிடுகிறது,
கண்ணைக் கேட்காமலே.

பின்கால் வாலை அடிக்கும்.
டக்.
மரம் தரையைத் தொட்ட நொடியில்
கால் மேலே வந்துவிட வேண்டும், தங்கினால் போச்சு.
முன்கால் உப்புத்தாளில் உரசியபடி
மூக்குவரை ஏறும்.
ஒட்டவில்லை, கட்டவில்லை,
பலகை கூடவே வரும்.

முதல் வாரம் படுத்த செங்கல் உயரம்.
ஆடி முடியும்போது நின்ற செங்கல்.
ஆற்றுக்குள் மேய்ந்த கழுதை ஒன்று
ஒவ்வொரு டக்குக்கும் தலை தூக்கிப் பார்த்து
பிறகு பழகிக்கொண்டது.

கார்மேகத்துக்குச் சின்னப் பாதம்.
அவன் புரட்டிவிட்டால்
முக்கால் சுற்றில் நின்று முழங்காலுக்குக் கீழே அறையும்.
"எட்டு இஞ்சு வாங்கிருக்கணும்டி,
கட்டில் கணக்கா சுத்துது."
"எறங்கும்போது கட்டில் தாண்டா வேணும்."
இந்தச் சண்டை
டீக்கடையில் மூன்று வடை தாண்டியும் முடியாது.

மூன்று பேர், ஒரு வால்.
ஐந்தே மாதத்தில் சாலை தின்றுவிட்டது.
அடியில் அடுக்கடுக்காய்ப் போய்
ஓரம் கத்தியானது,
ஜெஸிந்தாவின் கெண்டைக்காலைக் கீறியது.
டக் என்றது தொப் என்றது.
அதே கால், அதே அடி,
தரைதான் தாமதமாக வருகிறது.
நாங்கள் ஆளுக்கு ஆள்
அடுத்தவர் உடம்பு எடை பற்றிப் பேசத் தொடங்கினோம்.

ஐப்பசியில் ஒரு விடியல்.
லாரி பிந்தி, மண்டி பிந்தி,
கண்ணெல்லாம் வெங்காயம்.
பலகையைத் தலைகீழாய்த் திருப்பிப் போட்டது
எனக்கே தெரியாது.
மிதித்தேன்.

டக்.

வாலில்லை அது, மூக்கு.
அரை அங்குலம் நீளம் கூடுதல்,
ஏற்றமும் செங்குத்து.
வால் கேட்டதைவிட அதிக பலம் கேட்டது.
கொடுத்தால்
வட்டியோடு திருப்பியது.
இத்தனை நாளும் முன்னால் நின்று
காலை மட்டும் தாங்கிக்கொண்டிருந்த முனை,
ஒரு கீறல் இல்லாமல்.

ஜெஸிந்தா கீழே குந்தி
இரண்டு முனையையும் விரலால் தடவிப் பார்த்தாள்.
"அவன்ட்ட சொல்லாத" என்றாள்.

ஏழு மணிக்கு வந்தான்,
பாதித் தூக்கத்தில், ஒரு கையில் பல் குச்சி.
பலகையை நாங்களே திருப்பி வைத்தோம்.
குனிந்துகூடப் பார்க்காமல் ஏறி,
நான்கு மிதி,
அடித்தான்.

செங்கல்லுக்கு மேல் இன்னும் ஒரு சாண் காற்று இருந்தது.

இறங்கியவன் சாலையைத்தான் பார்த்தான்.
செருப்பைக் கழற்றி உள்ளங்காலால் தடவியும் பார்த்தான்.
"ராத்திரி மழை பேஞ்சுச்சா?
இன்னைக்கு ரோடு நல்லாருக்குடி."

நல்லாத்தான் இருக்கு என்றோம்
இருவரும் ஒரே நேரத்தில்.